கலங்கிய வெள்ளி

வெளிச்சத்தைப் பிடித்து ஓர் ஊசிமுனை இடத்தில் கூட்டி நிறுத்துவது என் தொழிலாக இருந்தது. மூன்று வருடம் அது எனக்குப் பிடி கொடுக்கவில்லை. கருவி முன்னால் உட்கார்ந்து, வராத ஒன்றுக்காக வரைபடத் தாளையே வெறித்துக்கொண்டிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் வயிற்றெரிச்சலை நமக்குள் பேசிக்கொள்ளலாம்.

எண்பதுகளின் முதல் பாதி. திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நான் ஆராய்ச்சி மாணவி. பெயர் பிலோமினா. ஒரு பொருளின் மேல் லேசரை அடித்தால், சிதறி வரும் ஒளியில் துளியூண்டு மட்டும் நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தை வைத்து அது என்ன மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். துளியூண்டு என்றால் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. இதற்கு வெளிநாட்டில் சிலர் அப்போதுதான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சாதாரண நுண்ணோக்கியில்கூடத் தெரியாத வெள்ளித் துகள்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அவற்றின்மேல் மூலக்கூறை ஒட்டவைக்க வேண்டும். வெள்ளி சுற்றியுள்ள ஒளியை இழுத்துத் தன்மேல் குவித்துக்கொள்ளும். மூலக்கூறின் அடையாளம் லட்சம் மடங்கு பெரிதாகத் தெரியும். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு உதவித்தொகை மூன்று வருடம். மூன்றாம் வருடம் மார்ச்சோடு சரி. அதற்குள் தாளில் ஒரு சிகரமாவது எழும்பாவிட்டால் பட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. மேஜையைக் காலி செய்துவிட்டுப் பாலக்கரையில் இருக்கும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். என் வழிகாட்டி சௌரிராஜன் சார், ஸ்ரீரங்கத்துக்காரர். பம்பு, கண்ணாடி, கரண்ட் எல்லாவற்றையும் கட்டி மேய்த்தவர் டெக்னீஷியன் ரஹ்மத்துல்லா பாய். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

மடியில் ஒரு மூட்டை

வெள்ளி நைட்ரேட்டைத் துகளாக்கும் வேலை பனிக்கட்டிக் குளிரில் நடக்கவேண்டும். துறையில் இருந்த ஃபிரிஜ் ஒரு தட்டு ஐஸ் கொடுக்கும், அதுவும் மனசு வந்தால். எனக்கு வாளி நிறைய வேண்டும். அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் காந்தி மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஐஸ் கம்பெனிக்குப் போய், ஒரு பாளத்தை மரத்தூள் போட்டுச் சாக்கில் கட்டி, அதன்மேல் என் பழைய துண்டு ஒன்றைச் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை வருவேன். ஆட்டோவில் வரலாமே என்று கேட்பவர்கள் ஆராய்ச்சி மாணவியாக இருந்ததில்லை.

ஒரு சித்திரை மாத மத்தியானம். பஸ் மெயின்கார்டு கேட் பக்கம் நகராமல் நின்றுவிட்டது. மூட்டை கரைந்து என் புடவை நனைந்து, அங்கிருந்து சீட்டு, சீட்டிலிருந்து தரை என்று தண்ணீர் ஓட ஆரம்பித்தது. உருகுகிறதே என்ற பதற்றத்தில் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரக்கப்பட்டு என் தோளைத் தொட்டார். "ஏம்மா, பச்சப் புள்ளைய இப்படியா மூஞ்சியோட மூடுறது? அது ஈரம் பண்ணிருச்சு பாருங்க, துணிய மாத்துங்க!"

பத்து விரலிலும் மை

வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் வெயிலில் நடந்தால் விரலெல்லாம் கறுத்துவிடும். எலுமிச்சம்பழம், புளி, சீயக்காய், எதற்கும் மசியாது. தோல் உரிந்தால்தான் போகும். தேர்தலில் விரலில் வைக்கும் மையிலும் இதே சரக்குதான் இருக்கிறது. அது எனக்கு அப்போதே தெரியும். தில்லை நகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அந்த மைதான் ஞாபகம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்குப் பாங்கில் வேலை. என் அம்மா காலையிலிருந்து என் கையைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தார். காபித் தட்டை நீட்டும்போது விரல்களை அடியில் மடக்கிக்கொள் என்று சொல்லியும் கொடுத்திருந்தார். காபித் தட்டை விரல் மடக்கிப் பிடிப்பது எப்படி என்று யாராவது எனக்குக் காட்டினால் நன்றாயிருக்கும். தட்டு சாய்ந்தது, சட்டென்று பத்து விரலாலும் பிடித்தேன். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அப்புறம் இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. எனக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்: "எலெக்‌ஷன் முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சே, பத்து விரல்லயும் மை இருக்கே, எத்தனை ஓட்டும்மா போட்டே?"

பூசையில் காலி பெஞ்சு

வெள்ளியின்மேல் ஒட்டவைக்க நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளின் பெயர் பிரிடீன். உலகத்தில் முதலில் வெள்ளியில் ஒட்டி வெற்றி கண்டவர்கள் அதைத்தான் எடுத்தார்களாம், நாங்களும் எடுத்தோம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். மூக்குக்கு அப்படியில்லை. ஒரு சொட்டு புடவையில் பட்டால் துவைத்தாலும் போகாது, முடியில் ஏறினால் தலைக்குக் குளித்தாலும் போகாது. மூன்று நாள் போன மீன் எப்படி நாறுமோ அப்படி நாறும்.

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனால், நான் உட்காரும் பெஞ்சில் நான் மட்டும்தான் இருப்பேன். எனக்கு முதலில் காரணம் தெரியவில்லை. அதற்குள் என் மூக்குக்கு அது பழகிவிட்டிருந்தது. கடைசியில் என் சிநேகிதி ஜெசிந்தாதான் கோயில் வாசலில் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். "ஏண்டி பிலோ, வெள்ளிக்கிழமை வாங்குன மீனை நீ இன்னும் ஆக்கலையா?"

லேசர் குளிக்கும் நேரம்

எங்கள் லேசருக்கு ஓயாமல் தண்ணீர் ஓடவேண்டும். உள்ளே அவ்வளவு சூடு. தண்ணீர் குறைந்தால் அதுவே தன்னை அணைத்துக்கொண்டுவிடும். டில்லியிலிருந்து மானியம் வாங்கி அதை வரவழைத்தபோது தண்ணீரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. காவிரி இருக்கிற ஊரில் தண்ணீருக்கென்ன பஞ்சம் என்று நினைத்திருப்பார்கள். காவிரி இருந்தது, ஆனால் எங்களுக்கு வந்தது ஹாஸ்டலும் நாங்களும் பங்கு போட்டுக்கொண்ட ஒரே ஒரு தொட்டியிலிருந்து.

ஒரு நாள் ஹாஸ்டல் வார்டனாக இருந்த ஃபாதர் வெள்ளை அங்கி பறக்க எங்கள் அறைக்கு வந்தார். லேசர் பக்கத்தில் நின்று அதன் குழாயில் சளசளவென்று ஓடும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஓர் ஒப்பந்தம் வந்தது. ஹாஸ்டல் தொட்டி இறங்கினால், கேட்காமல் எங்கள் வால்வை மூடிவிடுவார்கள், நிரம்பியதும் திறப்பார்கள். சௌரிராஜன் சார் எவ்வளவு வாதாடியும் பலிக்கவில்லை. ஃபாதர் கோபமே இல்லாமல் சொன்னார்: "உங்க மெஷின் நாள் பூரா குளிக்குது, எம் பசங்க முந்நூறு பேரு குளிக்காம பூசைக்கு வர்றாங்க. ஆண்டவர் பொறுத்துக்குவார், நான் பொறுத்துக்க மாட்டேம்மா."

ஆய்வுக்கூடத்து மடி

வெள்ளிக் கரைசல் சரியாக வந்தால் மஞ்சளாக இருக்கும். பழுத்த எலுமிச்சையின் நிறம், தெளிவாக, வெளிச்சத்தில் பிடித்தால் தகதகவென்று. படித்த கட்டுரையிலும் மஞ்சள் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் பாதி நாள் அது மஞ்சளாக நிற்காது. கண்ணெதிரே ஆரஞ்சாகி, பழுப்பாகி, சாம்பல் பச்சையாகக் கலங்கி, கடைசியில் கறுப்பாக அடியில் தங்கும். தண்ணீரில் ஒரு துளி உப்பு இருந்தாலும், குடுவையில் கை வியர்வை பட்டாலும் போதும். சௌரிராஜன் சாருக்கு அது தீட்டு. தினமும் காவிரியில் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு, பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவார். அவர் பாஷையில் பெருமாளுக்குச் சமைப்பது தளிகை, அதைப் படைப்பது கண்டருளப் பண்ணுவது. வீட்டுத் தளிகை எப்படியோ அப்படித்தான் அவருக்கு எங்கள் ஆய்வுக்கூடமும். குடுவைகளை அமிலத்தில் கழுவி, இரண்டு முறை வடித்த தண்ணீரில் அலசி, கவிழ்த்து வைக்கவேண்டும். பாயையும் என்னையும் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. கலங்கிய குடுவையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கலங்கிப்போச்சா? கீழே கொட்டுங்கோ" என்பார். அன்பான மனுஷர்தான். என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. கொட்டச் சொல்வார், அவ்வளவுதான்.

நான் கொட்டினேன். நோட்டில் தேதி போட்டு, "கலங்கியது" என்று எழுதிக் கொட்டினேன். மஞ்சளாக நின்றதை மட்டும் லேசர் முன்னால் வைத்தேன். ஒளி கூடினால் மேலே ஏறிச் சிகரம் வரையவேண்டிய கருவியின் பேனா, தாளின் அடியில் நேர்கோடு போட்டது. முதல் வருடம் நேர்கோடு, இரண்டாம் வருடம் நேர்கோடு. மூன்றாம் வருடம் கிறிஸ்துமஸ் வந்தபோது என்னிடம் மஞ்சள் குடுவைகளும் நேர்கோடுகளும்தான் இருந்தன. எனக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. மார்ச் என்ற வார்த்தையை வீட்டில் யாராவது சொன்னால் எரிந்து விழுவேன். பாய் மட்டும்தான் என்னைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். குடுவை கழுவும்போது ஒரு நாள் மெல்லச் சொன்னார்: "சார் வூட்டு அடுப்படிக்குள்ள நம்ம ரெண்டு பேரையும் வுடமாட்டாங்க. இங்க நம்ம ரெண்டு பேரையும் வச்சேதான் மடி பாக்குறாங்க, கவனிச்சீங்களாம்மா?"

பேனா போய் முட்டியது

ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்த முதல் வாரம். நல்ல மஞ்சளாக ஒரு கரைசல் வந்தது. பிரிடீனைக் கலந்து, சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, லேசர் முன்னால் பொருத்தினேன். பாய் அறையை இருட்டாக்கினார். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. மூலையில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு மட்டும் எரியும். பேனாவைத் தாளில் இறக்குகிற நேரத்தில் லேசர் பொசுக்கென்று அணைந்துவிட்டது. ஹாஸ்டலில் வால்வை மூடிவிட்டார்கள். திட்டிக்கொண்டே போய் டீ குடித்தோம். தண்ணீர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்து அந்த இருட்டில் குப்பியை நாங்கள் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் சிவப்பு வெளிச்சத்தில் நிறம் தெரிந்திருக்காது. பாய் லேசரைப் போட்டார். பேனா இரண்டு அங்குலம் வழக்கம்போல் ஊர்ந்தது. திடீரென்று விருட்டென்று தாளின் மறுகோடிக்கு ஓடி, டக்கென்று சட்டத்தில் முட்டி நின்றது.

நான் போட்ட கத்தலில் பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் ஓடி வந்துவிட்டார்கள். மெஷின் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இரண்டு நாள் ஒயர் ஒயராகப் பிரித்துப் பார்த்தோம். ஒரு பழுதும் இல்லை. புது மஞ்சள் கரைசல் வைத்தால் அதே பழைய நேர்கோடு. மூன்றாம் நாள், கழுவ மறந்து ஓரமாகக் கிடந்த அந்தப் பழைய குப்பி கண்ணில் பட்டது. உள்ளே சாம்பல் பச்சையாகக் கலங்கி, அடியில் கறுப்பாகப் படிந்திருந்தது. வழக்கமாகக் கொட்டுகிற சரக்கு. கையில் எடுத்துக் குலுக்கினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. லேசர் முன்னால் வைத்தேன். பேனா ஓடிப்போய் முட்டியது. எடுத்தேன், விழுந்தது. மறுபடி வைத்தேன், முட்டியது. கருவியின் உணர்திறனை நூறில் ஒரு பங்காகக் குறைத்ததும், பிரிடீனுக்கு எங்கே வரவேண்டுமோ அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிகரங்கள் நின்றன.

காரணம் பிறகு புரிந்தது. தனித்தனியாக மிதக்கும் மஞ்சள் துகள் எங்கள் பச்சை லேசரை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. கலங்குவது என்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. ஒட்டிய இரண்டு துகளுக்கு நடுவே இருக்கிற இடுக்கில்தான் ஒளி வந்து குவிகிறது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. பாய் என் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் "கலங்கியது", "கலங்கியது". மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "யா அல்லாஹ், இந்த சிங்க்கு ஓட்டைக்கே இந்நேரம் நாலு டாக்டர் பட்டம் குடுத்திருக்கலாமேம்மா!"

ஒரு சிட்டிகை உப்பு

சௌரிராஜன் சார் நம்பவில்லை. "அசுத்தத்தோட சிக்னலா இருக்கும். கலங்கினதை வெச்சுண்டு எப்படி எழுதறது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அழுக்கும் வரைபடத்தில் தெரியும். என்னிடம் இருந்தது இரண்டு மாதம். வாதாடிப் பயனில்லை என்று, அவரையே ஸ்டூலில் உட்காரவைத்தேன். அவர் கையாலேயே குடுவை கழுவச் சொன்னேன். அவர் முன்னாலேயே மஞ்சள் கரைசல் செய்து இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் பிரிடீன் விட்டேன். ஒன்றை உடனே வைத்தேன், நேர்கோடு. இன்னொன்றில் கேன்டீனிலிருந்து வாங்கி வந்த உப்பை ஒரு சிட்டிகை போட்டேன். மஞ்சள் கலங்கி நிறம் மாறியபோது அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

பேனா ஏறியது. சிகரங்கள் அதே இடத்தில் நின்றன. உப்பு மட்டும் போட்ட தண்ணீரை வைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. பிரிடீன் இல்லாமல் கலக்கிய வெள்ளியை வைத்துப் பார்த்தார், அந்தச் சிகரங்கள் இல்லை. சார் எழுந்து போய் வாஷ்பேசின் முன்னால் நின்றார். மார்ச்சுக்குள் ஒரு கட்டு வரைபடம் சேர்ந்தது. உதவித்தொகை இன்னும் ஒரு வருடம் நீண்டது, பட்டமும் வந்தது. எங்கள் ஆய்வறிக்கையின் முதல் வரியிலேயே, கரைசல் வேண்டுமென்றே கலக்கப்பட்டது என்று அவர் கையாலேயே எழுதினார். ஆனால் எனக்கு மறக்காதது அன்றைக்கு அந்த வாஷ்பேசினைப் பார்த்தபடி அவர் சொன்னதுதான்: "ஏம்மா பிலோமினா, பெருமாளுக்குக் கண்டருளப் பண்ண வேண்டிய தளிகையை அல்லவா இத்தனை நாள் சாக்கடையில கொட்டிண்டிருந்தோம்?"

கைலாசபுரத்தில் ஒரு சாயங்காலம்

சகாயராஜ் அண்ணனைப் பற்றி இதுவரை நான் சொல்லவில்லை. சொல்லத் தயக்கமாக இருந்தது. எனக்கு முன்னால் அதே மேஜையில், அதே லேசரோடு மூன்று வருடம் இருந்தவர் அவர். அவருக்கும் மஞ்சள் குடுவை, அவருக்கும் நேர்கோடு. உதவித்தொகை முடிந்ததும் பட்டமில்லாமல் போனார். கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு, அங்கேயே பரிசோதனைக்கூடத்தில் இரும்பைச் சோதிக்கிற வேலை. எனக்குக் குடுவை கழுவக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கிளம்பும்போது தன் கண்ணாடிச் சாமான்களையெல்லாம் துடைத்து என் அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனார்.

பட்டம் கிடைத்த பிறகு இனிப்பு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். சின்னப் பெண் ஒன்று கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. நல்ல வீடு, வாசலில் ரோஜாச் செடி. பார்க்கக் குறை ஒன்றும் தெரியவில்லை. கலங்கியதைக் கொட்டியதுதான் நாம் செய்த தப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். மறைப்பது அதைவிட மோசம் என்று பட்டது. சொல்லிவிட்டேன். கையோடு கொண்டுபோன முதல் வரைபடத்தையும் காட்டினேன், பேனா முட்டிய அந்தத் தாளை.

அண்ணன் அதை வெகு நேரம் பார்த்தார். பேனா ஏறிய கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அவர் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்துதான் போயிருந்தேன், ஆச்சரியப்படுவார் என்றும் நினைத்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கும் ஒரு நாள் பேனா இப்படித்தான் ஓடிப்போய் முட்டுச்சு, பிலோ. அவ்வளவு பெரிய மெஷினை நான்தான் கெடுத்துட்டேன்னு பயந்துபோய், தாளைக் கிழிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாம வீட்டுக்குப் போயிட்டேன்."

எங்கள் தொழிலில் பட்டம் வாங்கியவளுக்கும் வாங்காதவருக்கும் அறிவில் ஒரு குந்துமணி வித்தியாசமும் இல்லை. பேனா முட்டியபோது நான் ஊரைக் கூட்டினேன், அவர் கூட்டவில்லை, அவ்வளவுதான்.